ஆட்டக்காரர்களுக்கு வந்த அழைப்புப் பெயர்கள்



பினாங்குத் தீவில் டத்தோ கிராமாட் என்றொரு பகுதி இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். சாலைக்கு அந்தப் பெயர், சாலையைச் சுற்றியுள்ள குடியிருப்புக்கும் அந்தப் பெயர். பேருந்து நடத்துநர் ஆயிரம் முறை உச்சரித்த பெயர் அது. ஆனால் அதற்குப் பொருள் என்ன என்று நாம் நின்று கேட்டதில்லை. 'டத்தோ' என்பது மதிப்பிற்குரிய பெரியவரைக் குறிக்கும் சொல். 'கிராமாட்' என்பது மலாய் மொழியில் புனிதராகக் கருதப்பட்டவரையும் அவருடைய அடக்கத்தலத்தையும் குறிக்கும். ஆகவே அது எந்தத் தாயும் தன் பிள்ளைக்கு இட்ட பெயர் அன்று. ஊரார் ஒரு பெரியவரைப் பார்த்துச் சூட்டிய பெயர். பெற்றோர் இட்டது மக்கள் வாயில் மறைந்துபோக, ஊரார் சூட்டியது இன்றும் பெயர்ப்பலகையில் நிற்கிறது.

அந்தப் பகுதியில்தான் நகர விளையாட்டரங்கம் இருக்கிறது. பினாங்குக் காற்பந்தின் தாய்வீடு அது. பினாங்கு அணி கோல் போட்டால் எழும் ஆரவாரத்திற்கே ரசிகர்கள் 'கிராமாட் ரோர்', அதாவது கிராமாட் கர்ஜனை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மனிதருக்கு மட்டுமல்ல, சத்தத்திற்கும் ஒரு பட்டப்பெயர்!

சென்ற ஆண்டு எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்து அந்த அரங்கத்தைக் காட்டச் சென்றோம். சிறிய பள்ளி எங்களுடையது. ஒரே பேருந்தில் பள்ளி முழுவதும் அடங்கிவிடும். அங்கே அந்தக் காலத்துக் கோல் காவலர் ஆறுமுகத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் கம்பத்தைக் காத்த ஆறுமுகத்தை 1970களில் நாடே 'ஸ்பைடர்மேன்' என்றது. நீண்ட கைகள் அவருக்கு. எட்டாத மூலைக்குப் போகும் பந்தையும் சிலந்தி இரையைப் பிடிப்பதுபோல் எட்டிப் பிடித்துவிடுவார். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்துபோனார். இன்றும் வயதானவர்கள் 'ஸ்பைடர்மேன்' என்றால் படக்கதை வீரனை நினைப்பதில்லை, ஆறுமுகத்தைத்தான் நினைக்கிறார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், "சார், அப்படின்னா தோனிய ஏன் சார் தலன்னு கூப்பிடறாங்க?" என்றான். காற்பந்துத் திடலில் நின்றுகொண்டு கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்கிறானே என்று முதலில் தோன்றியது. ஆனால் மலேசியாவில் கிரிக்கெட் ஆடுபவர் சிலரே ஆனாலும், லயத்து வீடுகளில் தொலைக்காட்சி முன் அமர்ந்து அதைப் பார்ப்பவர் பலர். 1998இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தபோது கிரிக்கெட்டும் இடம்பெற்றது. டெண்டுல்கரே நம் நாட்டு மண்ணில் வந்து ஆடினார். எனவே பையனின் கேள்வி நியாயமானதே. அன்று பேருந்தில் அரைகுறையாகச் சொன்ன பதிலைத்தான் இன்று நேயர்களுடன் சற்று விரிவாகப் பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் 'தல'. மகேந்திர சிங் தோனி பீகாரிலிருந்து பிரிந்த ஜார்க்கண்ட் மாநிலத்து ராஞ்சி நகரத்துக்காரர். வீட்டிலும் நண்பரிடையேயும் அவர் 'மஹி'. மகேந்திர என்பதன் சுருக்கம் அது. 2008இல் இந்தியன் பிரீமியர் லீக் போட்டி தொடங்கியபோது அவர் சென்னை அணிக்குத் தலைவராக வந்தார். தமிழ் தெரியாதவர். ஆனால் தமிழர் ஒருவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டால் முதலில் செய்வது என்ன? ஒரு பெயர் வைப்பதுதான். அந்தப் பெயரும் புதிதாகப் பிறக்கவில்லை, திரைப்படத்திலிருந்து வந்தது. 2001இல் வெளிவந்த 'தீனா' படத்தில் கதாநாயகன் அஜித்குமாரை உடனிருப்போர் 'தல' என்று அழைப்பார்கள். தலைவன் என்பதன் தெருப்பேச்சு வடிவம் அது. படம் ஓடியபின் ரசிகர்கள் அந்த நடிகரையே 'தல' ஆக்கிவிட்டார்கள். பிறகு சென்னையின் கிரிக்கெட் ரசிகர்கள் அதே சொல்லைத் தோனிக்கும் கொடுத்தார்கள். அவருக்குத் துணையாக ஆடிய சுரேஷ் ரெய்னா 'சின்னத் தல' ஆனார். வீட்டில் பெரியப்பா இருந்தால் சித்தப்பாவும் இருக்க வேண்டுமல்லவா? ஜடேஜாவுக்குத் 'தளபதி' என்ற பெயர் 2024இல்தான் உறுதியாயிற்று.

இதில் நமக்குச் சுவையாகப்படுவது பிறகு நடந்த ஒன்று. 2021 டிசம்பரில் நடிகர் அஜித்குமார் ஓர் அறிக்கை விட்டார். தம்மை இனி அஜித் என்றோ, அஜித்குமார் என்றோ, ஏ.கே. என்றோ குறிப்பிட்டால் போதும், 'தல' முதலிய பட்டங்களைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ரசிகர் பலர் விடவில்லை. பட்டப்பெயர் என்பது அணிந்துகொண்டவருக்குச் சொந்தமில்லை, சூட்டியவர்களுக்குத்தான் சொந்தம் என்பதை இந்த ஒரு நிகழ்ச்சி நன்றாகவே காட்டுகிறது. வேண்டாம் என்று கழற்றி வைத்தாலும் அது கழல்வதில்லை.

கிரிக்கெட்டில் இன்னொன்றையும் கவனிக்கலாம். பெரிய ஆட்டக்காரர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று பத்திரிகையும் வானொலியும் கொடுத்தது, மற்றொன்று உடை மாற்றும் அறையில் தோழர்கள் கொடுத்தது. ராகுல் டிராவிடை உலகம் 'சுவர்' என்றது. டெஸ்ட் ஆட்டங்களில் அவர் எதிர்கொண்ட பந்துகள் 31,258. அதுவரை யாரும் அத்தனை பந்துகளைச் சந்தித்ததில்லை. பந்து வீசுபவனுக்கு அவர் சுவராகத்தானே தெரிவார்! ஆனால் தோழர்களுக்கு அவர் 'ஜாமி'. அவருடைய தந்தையார் பெங்களூரில் பழப்பாகு தயாரிக்கும் கிசான் நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஜாம் கம்பெனிக்காரர் மகன் ஜாமி. நம் தோட்டத்தில் டிரைவர் மகன், கங்காணி பேரன், ஆயாக்கொட்டகைப் பாட்டி வீட்டுப் பிள்ளை என்று தகப்பன் தொழிலையும் பாட்டி வேலையையும் வைத்து அடையாளம் சொல்வதில்லையா, அதே வழக்கம்தான்.

அனில் கும்ப்ளேயின் பெயர் 'ஜம்போ'. பெரிய கால்கள், ஆகவே யானை என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். கும்ப்ளே சொல்லும் கதை வேறு. டெல்லியில் ஓர் ஆட்டத்தில் அவர் வீசிய சில பந்துகள் தரையில் பட்டதும் சட்டென்று மேலே எழும்பிச் சென்றன. அருகில் நின்ற சித்து, ஜம்போ ஜெட் விமானம் கிளம்புவதுபோல் இருக்கிறதே என்று வியந்து 'ஜம்போ ஜெட்' என்றார். நாளடைவில் 'ஜெட்' உதிர்ந்துவிட்டது, 'ஜம்போ' நின்றுவிட்டது. அதே டெல்லி நகரில் 1999இல் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டுகளையும் ஒரே இன்னிங்ஸில் ஒருவராகவே வீழ்த்தினார் கும்ப்ளே. பெயர் கால்களால் வந்ததா பந்தால் வந்ததா என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒருவர் உடம்பைப் பார்த்து வைத்த பெயருக்கும் வேலையைப் பார்த்து வைத்த பெயருக்கும் வேறுபாடு உண்டு. இதற்குப் பின்னர் வருவோம்.

சென்னைக்காரர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்தைச் 'சீக்கா' என்பார்கள். 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், மேற்கிந்தியத் தீவுகளின் அச்சுறுத்தும் வேகப்பந்துகளுக்கு எதிராக இருதரப்பிலும் அதிக ஓட்டம், அதாவது 38 ஓட்டம், எடுத்தவர் அவர்தான். ஸ்ரீரங்கம் சீரங்கம் ஆவதும் ஸ்ரீநிவாசன் சீனிவாசன் ஆவதும் தமிழ் நாவின் இயல்பு. அந்த இயல்புதான் சீக்காவிலும் கேட்கிறது. ஹைதராபாத்துக்காரர் லட்சுமணனுக்கு முன்னெழுத்துகள் மூன்று: வி.வி.எஸ். 2001இல் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் 281 ஓட்டம் எடுத்த பிறகு அந்த மூன்று எழுத்தும் 'வெரி வெரி ஸ்பெஷல்' என்று விரிந்துவிட்டன. முன்னெழுத்தோடு வாழ்கிறவர்கள் நாம். நம்முடையதை எவரும் இவ்வளவு அழகாக விரித்துச் சொன்னதில்லை!

வேகப்பந்து வீச்சாளர்களின் பெயர்களோ கேட்கவே நடுக்கம் தருபவை. மேற்கிந்தியத் தீவுகளின் மைக்கேல் ஹோல்டிங்கிற்கு 'மெல்லொலியில் வரும் மரணம்' என்று பொருள்படும் பெயர் உண்டு. நெடுந்தூரத்திலிருந்து ஓடி வருவார். ஆனால் நடுவருக்குக் காலடி ஓசை கேட்காது. பூனைபோல் வந்து, நடுவர் உணரும்போது பக்கத்தில் இருப்பார். அதனால் நடுவர்கள் தந்த பெயர் அது. உடன் ஆடிய ஜோயல் கார்னர் 6 அடி 8 அங்குல உயரம், 'பெரிய பறவை' என்பது அவர் பெயர். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

பட்டோடியின் மன்சூர் அலிகானை 'டைகர்' என்றார்கள். ஆட்டத்தைப் பார்த்து வைத்த பெயர் என்றே பலரும் நினைப்பார்கள். அன்று, அது குழந்தைப் பருவத்திலேயே வீட்டில் வந்த செல்லப்பெயர். 1961 ஜூலையில் இங்கிலாந்தில் கார் விபத்தில் அவருடைய வலக்கண் பார்வை போயிற்று. ஆறே மாதத்தில், 1962 ஜனவரியில், சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டம் எடுத்தார். அதே ஆண்டு 21 வயதில் இந்திய அணிக்குத் தலைவரானார். ஒரு கண்ணால் பந்தைப் பார்த்து ஆடியவர். தவழும் வயதில் விளையாட்டாக வைத்த பெயருக்குப் பொருள் பிற்பாடு வந்து சேர்ந்தது.

இனி சந்திரசேகர். மைசூர்க்காரர். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி அவருடைய வலக்கை சூம்பிப்போயிற்று. அந்தக் கையாலேயே அவர் பந்து வீசினார். மெலிந்த அந்தக் கை சாட்டைபோல் சுழலும்; சுழற்பந்து வீச்சாளர்தான் என்றாலும் இடையிடையே ஒரு பந்து மின்னலாகப் பாயும். 1971 ஜூனில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற டெர்பி பந்தயத்தில் 'மில் ரீஃப்' என்ற குதிரை வென்றது. அந்தக் கோடையில் இந்திய அணி அங்கே இருந்தது. ஆட்டக்காரர்கள் சந்திரசேகரின் அந்த வேகப்பந்திற்குக் குதிரையின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆகஸ்டு மாதம் லண்டன் ஓவல் திடலில் இங்கிலாந்தின் எட்ரிச் ஆடிக்கொண்டிருந்தபோது, தோழர் சர்தேசாய் "மில் ரீஃப் போடு" என்று சொன்னார். சந்திரசேகர் போட்டார். எட்ரிச் மட்டையை இறக்குமுன் பந்து கம்பைச் சாய்த்துவிட்டது. அன்று அவர் 38 ஓட்டம் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 101 ஓட்டத்தில் சுருண்டது. இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதன்முறையாகத் தொடரை வென்றது.

அவரை உலகம் 'சந்திரா' என்றே அழைத்தது. சூம்பிய கையை வைத்து ஒரு பெயர் நிலைக்கவில்லை. அந்தக் கை வீசிய பந்துக்குத்தான் பெயர் நிலைத்தது.

இதைச் சொல்லும்போது நம்முடைய பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பிறவியிலேயே ஒரு கால் சற்று வளைந்தது. ஓடும்போது பக்கவாட்டாகப் போவான். பிள்ளைகள் அவனை 'நண்டு' என்று அழைத்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். நொண்டி என்று சொல்லாமல் நண்டு என்கிறார்களே, செல்லமாகத்தான் இருக்கிறது என்று எண்ணி, ஒரு நாள் நாமும் வகுப்பில் அப்படியே அழைத்துவிட்டோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு பலமுறை அழைத்தோம்.

ஒரு மாலை பள்ளி விட்டபின் அவனுடைய பாட்டி வந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு நேராக வந்திருந்தார். காலில் பூட்ஸ் இருந்தது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "சார், அவனுக்கு நாங்க ஒரு பேரு வச்சிருக்கோம். லயத்துல யாரும் அதச் சொல்லிக் கூப்பிடறதில்ல. நீங்களாவது பதிவுப் புத்தகத்துல இருக்கற பேரச் சொல்லிக் கூப்பிடுங்க சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. நாம் பதில் சொல்வதற்குமுன், "வரேன் சார்" என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை வருகை எடுக்கும்போது அவனுடைய முழுப்பெயரைச் சொன்னோம். அவன் உடனே "உள்ளேன் ஐயா" என்று சொல்லவில்லை. யாரையோ அழைக்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான்.

பட்டப்பெயர் ஒருவனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது நமக்கு அன்று விளங்கிற்று. சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறான் என்பதனால் பிடித்திருக்கிறது என்று பொருளில்லை. கிரிக்கெட்டிலும் இப்படிப்பட்ட பெயர்கள் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1890களில் ரஞ்சித்சிங்ஜி என்ற இந்திய இளவரசர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் படித்தார். கிரிக்கெட்டில் ஈடுஇணையற்றவர். 1896இல் இங்கிலாந்து அணிக்காகவே மான்செஸ்டரில் ஆடி, முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 154 ஓட்டம் எடுத்தார். இந்தியாவின் ரஞ்சிக் கோப்பை அவர் பெயரால் ஏற்பட்டது. ஆனால் கேம்பிரிட்ஜில் உடன் படித்தவர்களுக்கு ரஞ்சித்சிங்ஜி என்று சொல்ல நா வரவில்லை. அதனால் அவருக்கு 'ஸ்மித்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்! பிறகுதான் 'ரஞ்சி' வந்தது. பந்தை மணிக்கட்டின் ஒரு சிறு திருப்பத்தில் காலருகே தட்டிவிட்டு, ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத ஆட்டம் ஆடியவருக்கு, ஆங்கிலேயரில் தெருவுக்குப் பத்துப் பேர் வைத்திருக்கும் பெயர்.

அது அந்தக் காலம் என்று நேயர்கள் எண்ணக்கூடும். குஜராத்தின் ராஜ்கோட்டைச் சேர்ந்த சேத்தேஸ்வர் புஜாரா இங்கிலாந்தின் யார்க்ஷையர் அணிக்காக 2015இலும் 2018இலும் ஆடினார். அங்கே அவரைத் தோழர்கள் 'ஸ்டீவ்' என்று அழைத்தார்கள். சேத்தேஸ்வர் என்று சொல்ல வரவில்லை என்பதே காரணம். தமக்குச் சேத்தேஸ்வர் என்று அழைக்கப்படுவதே விருப்பம் என்று புஜாரா அப்போதே சொன்னார். ஆனால் அதை ஒரு வேடிக்கையாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். 2020இல் அசீம் ரபீக் என்ற ஆட்டக்காரர், அந்த அணியில் தாமும் பிறரும் நிறத்தாலும் இனத்தாலும் பட்ட அவமதிப்புகளை வெளியே சொன்னார். அவ்வேளையில்தான் 'ஸ்டீவ்' என்ற பெயரும் விசாரணைக்கு வந்தது. 2021 நவம்பரில், அந்தப் பெயரைச் சொல்லி அழைத்த அணித் தோழர் ஒருவர் மன்னிப்புக் கேட்டார். ஸ்மித்துக்கும் ஸ்டீவுக்கும் இடையில் நூறாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. நா மட்டும் பழகவில்லை.

அந்தப் புஜாரா 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஆடியதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோளிலும் விரலிலும் தலைக்கவசத்திலும் பந்து வந்து மோத, 211 பந்துகளைத் தாங்கி 56 ஓட்டம் எடுத்தார். இந்தியா அந்த ஆட்டத்தையும் தொடரையும் வென்றது. ஸ்டீவ் என்று அழைக்கப்பட்டவர்தான் அப்படி நின்றார்.

சொல்ல வராத பெயர் என்று ஒன்று உண்டா? ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நாம் படித்தபோது எம் பெயரில் உள்ள ழகரம் விரிவுரையாளர் ஒருவருக்கு வரவில்லை. இரண்டு முறை முயன்றார். மூன்றாம் முறை 'சாம்' என்றார். பயிற்சிக் காலம் முடியும்வரை நாம் சாம்தான். அவர் கெட்டவரல்லர், பாடம் நன்றாகவே நடத்தினார். ஆனால் அந்தப் பெயரால் அழைக்கப்பட்டபோதெல்லாம் வகுப்பில் வேறொருவன் இருப்பதுபோலவே இருந்தது. அதே விரிவுரையாளர் ஐரோப்பியக் கல்வி அறிஞர்களின் நீண்ட பெயர்களை ஓர் எழுத்தும் பிசகாமல் சொல்வார்.

தோட்டத்து மக்களுக்கு இது புதிதன்று. தந்தையின் அடையாள அட்டையில் பெயர் ஒரு விதம், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் வேறு விதம், செக்ரோலில் மூன்றாவது விதம். காதில் விழுந்ததைக் கிராணியோ பதிவதிகாரியோ எழுதியதுதான் எழுத்து. பின்னர் ஓய்வூதியப் பணம் வாங்கப் போகும்போது இருவரும் ஒருவரே என்று சத்தியம் செய்துகொண்டு நிற்க வேண்டும்.

இந்த இடத்தில் நம்மைப்போன்ற தோட்டத்து வழியில் வந்த ஒருவரைச் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி நம் முன்னோர் பினாங்கிற்கு வந்த அதே காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். 1920இல் அப்படிப் போனவர்களில் ஒருவரின் பேரன்தான் முத்தையா முரளிதரன். தாத்தா பிற்காலத்தில் திருச்சிராப்பள்ளிக்கே திரும்பிவிட்டார். ஆனால் தந்தை கண்டியில் தங்கி பிஸ்கட் தயாரிக்கும் தொழில் நடத்தினார். மகன் டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட் எடுத்தார். 2010 ஜூலையில் காலி நகரில், தம் கடைசி டெஸ்டின் கடைசிப் பந்தில் எடுத்தது அந்த 800ஆவது விக்கெட். அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் எட்டவில்லை.

உலகம் அவரை 'முரளி' என்றது. இது ஸ்மித் போன்ற பெயரன்று. முரளிதரன் என்று பெயருள்ள பிள்ளையைத் தமிழ்த் தாய் எவளும் முரளி என்றுதானே அழைப்பாள்! வீட்டுப் பெயரே உலகப் பெயராயிற்று. ஆனால் முழுப்பெயர் பட்ட பாடு வேறு. ஆங்கிலத்தில் அதை எழுதும்போது 'தரன்' என்பதற்கு எந்த எழுத்தைப் போடுவது என்ற குழப்பம் பல ஆண்டுகள் நீடித்தது. நாளேடுகள் ஒருவிதமாக எழுத, தமக்கு விருப்பமான எழுத்து வேறு என்பது 2007இல்தான் முறையாகத் தெரிவிக்கப்பட்டது. அதற்குள் அவர் உலகின் முன்னணி விக்கெட் வீரர்களில் ஒருவராகிவிட்டிருந்தார். தமிழில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. முரளிதரன் என்று ஒரே விதமாகத்தான் எழுத முடியும். அடையாள அட்டையில் பெயர் மாறிப்போனவர்கள் இதைக் கேட்டுச் சற்று ஆறுதல் அடையலாம்.

அவருக்கு வேறொரு கூச்சலும் பெயராக ஒட்டப் பார்த்தது. 1995 டிசம்பரில் மெல்பர்னில் நடுவர் ஒருவர், முரளி பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று சொல்லி ஏழு முறை 'நோ பால்' கொடுத்தார். அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுதும் நிமிராதது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் அளந்து பார்த்து, பந்து வீச்சில் தவறில்லை என்று ஏற்கப்பட்டார். ஆனால் ஆஸ்திரேலியாவில் ஆடும்போதெல்லாம் பார்வையாளர் கூட்டத்தில் ஒரு பகுதி 'நோ பால்' என்று கத்தியது. 2004இல் அந்நாட்டிற்குப் போகாமலே இருந்துவிட்டார். அதுவும் உடம்பைப் பார்த்து வைத்த பெயர்தான். நிலைத்தது அது அன்று, முரளி என்பதே நிலைத்தது.

கடைசியாக ஒரு பெயர். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன். தந்தை நெசவுக் கூலி, தாய் சாலையோரத்தில் கோழிக்கறி விற்றார். டென்னிஸ் பந்தில் ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்த அவரைக் கைதூக்கிவிட்டவர் அதே ஊரின் ஜெயப்பிரகாஷ். 2020ஆம் ஆண்டு இறுதியில் இந்திய அணிக்குப் பயிற்சிப் பந்து வீசுபவராக ஆஸ்திரேலியா சென்ற நடராஜன், ஒருவர்பின் ஒருவராக ஆட்டக்காரர்கள் காயப்பட, ஒரே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூன்றிலும் முதல் ஆட்டம் ஆடினார். எந்த இந்தியருக்கும் அதற்குமுன் வாய்க்காதது. துல்லியமான யார்க்கர் பந்து அவருடைய கைவந்த கலை.

நடராஜனை ஊரில் 'நட்டு' என்பார்கள். அவர் தம் சட்டையின் முதுகில் எழுதிக்கொண்டது வெறும் நட்டு என்றன்று, 'ஜே.பி. நட்டு' என்று. ஜே.பி. என்பது அவருடைய தந்தையின் முன்னெழுத்தில்லை. ஜெயப்பிரகாஷின் எழுத்துகள் அவை.

பேருந்தில் திரும்பி வரும்போது இந்தக் கதையைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். பாலத்தின் நடுவில் வந்தபோது நான்காம் ஆண்டுப் பையன் மறுபடியும் எழுந்து நின்று, "சார், ஒங்களுக்குப் பட்டப்பேரு இருக்கா சார்?" என்றான். சாம் கதையைச் சொன்னோம். பேருந்து முழுவதும் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் பின் இருக்கையிலிருந்து ஒரு சிறுமி, "ழ வராட்டி சொல்லிக் குடுத்திருக்கலாம்ல சார்" என்றாள்.